‘அம்மாவுக்கு இருக்கிறது எனக்கும் வருங்களா?’: மரபியல் பாடமும் இருமுனை மனநோயும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மரபியல் பாடத்தை நாம் மெண்டலின் பட்டாணிச் செடியிலிருந்து தொடங்குகிறோம். நெட்டை, குட்டை, ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, 3:1 விகிதம் என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டுகிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் ஹீமோஃபிலியா, நிறக்குருடு, கதிர் அரிவாள் இரத்தசோகை ஆகியவற்றைப் படிக்கிறார்கள். இவை யாவும் ஒரே ஒரு மரபணுவால் வருபவை. ஆகவே ‘பரம்பரை நோய்’ என்றாலே நான்கில் ஒன்று, இரண்டில் ஒன்று என்று கணக்குப் போடப் பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு ஒரு பிள்ளைக்கு மட்டும் வேறு மாதிரி உறைக்கும். அந்தப் பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவராக இருப்பார். ‘அது அவங்க வம்சத்துலயே இருக்குதுங்க’ என்று உறவினர் பேசுவதை அது கேட்டு வளர்ந்திருக்கும். பெண் பார்க்கும் இடத்தில் இந்தப் பேச்சு எழுந்து சம்பந்தம் நின்றுபோனதையும் பார்த்திருக்கலாம். பாடம் முடிந்து எல்லோரும் வெளியே போன பிறகு, ‘டீச்சர், அம்மாவுக்கு இருக்கிறது எனக்கும் வருங்களா?’ என்று அது கேட்டால் நாம் என்ன சொல்வோம்? கேட்காமலே போய்விட்டால்?

இது அரிதான நிலைமை என்று நினைக்க வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வாழ்நாளில் ஒருமுறையேனும் இருமுனை மனநோய்க்கு ஆளானோர் 0.5 விழுக்காடு, அதாவது இருநூறு பேரில் ஒருவர் என்று அது கண்டது. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். ஒரே வீட்டுப் பிள்ளைகளைக் கழித்தாலும் ஏழெட்டுப் பெற்றோருக்கு இந்த நோய் இருக்கலாம். மற்ற மனநோய்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். ஆகவே அந்தக் கேள்விக்கு உண்மையான விடையைத் தெரிந்து வைத்திருப்பது நம் பாடத் தயாரிப்பின் ஒரு பகுதிதான்.

இருமுனை மனநோய் என்பது என்ன?

மருத்துவர்கள் ‘பைபோலார்’ என்று சொல்லும் இந்த நோயில் மனநிலை இரண்டு எல்லைகளுக்குப் போகிறது. ஒன்று மிகையெழுச்சி. நாள் கணக்கில் தூக்கமே தேவைப்படாது, களைப்பும் தெரியாது. பேச்சு வேகமாகும், அளவுக்கு மீறிய திட்டங்கள் வரும், கையிலிருக்கும் பணம் கரையும். மற்றொன்று ஆழ்ந்த மனச்சோர்வு. எதிலும் நாட்டமில்லாமல், எழுந்து குளிக்கக்கூட முடியாமல், சாவைப் பற்றிய எண்ணம் வரும் அளவுக்குப் போகலாம். இவற்றுக்கு இடைப்பட்ட காலங்களில் அதே மனிதர் இயல்பாக வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வார்.

நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டும். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் உப்பு மிகையெழுச்சியைத் தணிப்பதைக் கண்டு எழுதினார். இன்றும் லித்தியம் முதன்மையான மருந்துகளில் ஒன்று. ஆனால் ஒருவருக்கு நன்றாகக் கேட்கும் அந்த மருந்து இன்னொருவருக்குக் கேட்பதில்லை.

குடும்பத்தில் வருகிறதா?

வருகிறது, ஆனால் பட்டாணிக் கணக்கில் வருவதில்லை. பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால், ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை. பொது மக்களில் இது நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. பல மடங்கு கூடுதல் என்பது உண்மை. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தும் நூற்றில் தொண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் அது வருவதில்லை என்பதும் அதே அளவு உண்மை. இரண்டாவது செய்தியை யாரும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

ஒரே கருவிலிருந்து பிறந்த ஒத்த இரட்டையரைப் பாருங்கள். இருவரின் டி.என்.ஏ.வும் ஒன்றே. ஆனாலும் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு நாற்பது முதல் எழுபது வரைதான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. முழு டி.என்.ஏ.வும் ஒன்றாக இருந்தும் நூற்றுக்கு நூறு ஆகவில்லை. எனவே மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு, முழுப் பங்கு இல்லை.

அந்தப் பங்கும் ஒரு மரபணுவில் இல்லை. உலக அளவில் இணைந்து செயல்படும் ஆய்வுக் குழு 2021இல் 41,917 நோயாளிகளின் டி.என்.ஏ.வை நோயில்லாத மூன்று லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோருடன் ஒப்பிட்டது. நோயோடு தொடர்புள்ள 64 இடங்கள் கிடைத்தன. 2025இல் வெளியான அடுத்த ஆய்வு 1,58,036 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. இடங்களின் எண்ணிக்கை 298 ஆனது. ஒவ்வொரு இடத்திலும் உள்ள வேறுபாடு நோய் வாய்ப்பை மிகச் சிறிதளவே கூட்டுகிறது. நோயில்லாத நம் ஒவ்வொருவரிடமும் இந்த வேறுபாடுகளில் பல இருக்கின்றன. உயரம், தோல் நிறம் ஆகியவற்றுக்குப் பாடத்தில் சொல்லும் பல்மரபணுப் பாரம்பரியம்தான் இங்கும்.

மதகு எவ்வளவு திறந்திருக்கிறது?

இந்த இடங்களில் ஒரு வியப்பு காத்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதியில் இல்லை. கதிர் அரிவாள் இரத்தசோகையில் ஓர் எழுத்து மாறிப் புரதத்தின் ஓர் அமினோ அமிலமே மாறிவிடுகிறது. இங்கே புரதம் மாறுவதில்லை. அப்படியானால் அந்த எழுத்து என்னதான் செய்கிறது?

உடுமலை, பொள்ளாச்சி, பல்லடம் பகுதிப் பிள்ளைகளுக்கு இதைப் பாசனத்தை வைத்து விளக்குவது எளிது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் திருமூர்த்தி அணையின் ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, சுழற்சி முறையில் தண்ணீர் விடப்படுகிறது. வாய்க்கால் எல்லா ஊருக்கும் வெட்டியிருக்கிறது. ஆனால் எந்த மண்டலத்துக்கு, எப்போது, எவ்வளவு என்பதை மதகு தீர்மானிக்கிறது.

நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் முழு டி.என்.ஏ.வும் இருக்கிறது. கல்லீரல் செல்லிலும் அதே, மூளை நரம்பு செல்லிலும் அதே. எந்த மரபணுவிலிருந்து எவ்வளவு ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. இதையே மரபணு வெளிப்பாடு என்கிறோம். டி.என்.ஏ.வில் புரதக் குறிப்புள்ள பகுதி இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. மீதியில் பல பகுதிகள் மதகுகளாக வேலை செய்கின்றன. அங்கே ஓர் எழுத்து மாறினால் தண்ணீர் நின்றுவிடாது. ஷட்டர் ஓர் அங்குலம் கூடுதலாகத் திறக்கும் அல்லது ஓர் அங்குலம் குறையும். ஒரு மதகால் ஒன்றும் ஆகாது. நூற்றுக்கணக்கான மதகுகள் சிறிது சிறிதாக மாறினால் கடைமடையில் தெரியும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு காக்னா-1-சி எனப்படும் மரபணு. நரம்பு செல்லுக்குள் கால்சியம் அயனி நுழையும் வாயிலின் முக்கியப் பகுதியை இது உருவாக்குகிறது. 2008 முதலே இருமுனை மனநோயோடு தொடர்புபடுத்தப்பட்டு வருகிறது. இதில் நோயோடு தொடர்புள்ள எழுத்து ஓர் இன்ட்ரானுக்குள் இருக்கிறது. இன்ட்ரான் வெட்டி நீக்கப்படும் பகுதி என்று நாம் கற்பிக்கிறோம். நீக்கப்படும் பகுதி எப்படி நோயைப் பாதிக்கும்? அங்கே மதகு இருப்பதால்தான். நோய் வாய்ப்பைக் கூட்டும் அதே எழுத்து, மூளையின் முன்பகுதிப் புறணியில் இம்மரபணுவின் வெளிப்பாட்டைக் கூட்டுவதாக ஓர் ஆய்வும், சிறுமூளையில் குறைப்பதாக வேறோர் ஆய்வும் தெரிவித்துள்ளன. ஒரே எழுத்து, இடத்துக்கு இடம் வேறு விளைவு. ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனி மதகு என்பதை இங்கே நினைவுபடுத்தலாம்.

மூளையில் எப்படி அளப்பது?

இரத்தத்தில் சர்க்கரையை அளப்பதுபோல உயிரோடிருப்பவர் மூளையிலிருந்து மாதிரி எடுக்க முடியாது. இறந்தபின் குடும்பத்தார் கொடையாக அளிக்கும் மூளைகளே வழி. அவற்றைப் பாதுகாக்க மூளை வங்கிகள் இருக்கின்றன. இந்தியாவில் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1995இல் மனித மூளை வங்கி தொடங்கப்பட்டது. கண் தானம் பற்றிப் பேசும் பள்ளிக் கூட்டங்களில் இதையும் ஒரு வரி சொல்லலாம்.

ஆய்வின் முறை உயர்நிலை வகுப்புக்கும் புரியக்கூடியதே. பல நூறு பேரின் மூளையில் ஒரே பகுதியை எடுக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் குறிப்பிட்ட இடத்தில் இரண்டு பிரதிகளிலும் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்கிறார்கள்: ஏ-ஏ, ஏ-ஜி அல்லது ஜி-ஜி. பிறகு அருகிலுள்ள மரபணுவின் ஆர்.என்.ஏ. எவ்வளவு என்று அளக்கிறார்கள். ஜி எழுத்து கூடக் கூட ஆர்.என்.ஏ.வும் படிப்படியாகக் கூடினால் அல்லது குறைந்தால், அந்த எழுத்து ஒரு மதகைத் தொடுகிறது என்று பொருள்.

இந்த முறையின் வலிமை ஒரு தருக்கத்தில் இருக்கிறது. நோயாளியின் மூளையில் ஆர்.என்.ஏ. மாறியிருந்தால், அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா, பல ஆண்டு சாப்பிட்ட மருந்தின் விளைவா என்று சொல்ல முடியாது. டி.என்.ஏ. எழுத்து அப்படியில்லை. அது கருவான அன்றே முடிவானது. மாத்திரையோ மனஅழுத்தமோ அந்த எழுத்தை மாற்றாது. ஆகவே எழுத்திலிருந்து வெளிப்பாட்டுக்கு என்ற திசை உறுதியாகிறது. காரணமா விளைவா என்று பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை எந்தப் பாடத்திலும் கற்பிக்கலாம்.

2021ஆம் ஆண்டு ஆய்வு, நோயோடு தொடர்புள்ள இடங்களை இத்தகைய வெளிப்பாட்டுத் தரவுகளோடு பொருத்திப் பார்த்து 15 மரபணுக்களை வலுவாகச் சுட்டியது. அடுத்த ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா, சிங்குலேட் புறணி ஆகிய பகுதிகளை 295 பேரின் மூளையில் ஆராய்ந்தது. நோயுள்ளோரிடம் நரம்பிணைப்பு, நோய் எதிர்ப்பு ஆகியவை சார்ந்த மரபணுக்களின் வெளிப்பாடு குறைந்திருப்பதை அது கண்டது.

நம் பக்கத்து ஆய்வுகள்

2025ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில் ஐரோப்பிய, கிழக்காசிய, ஆப்பிரிக்க அமெரிக்க, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் இடம்பெற்றனர். தெற்காசியர் தனிக் குழுவாக அதில் இல்லை. ஆகவே நம் மக்களிடம் செய்யப்படும் ஆய்வுகளுக்குத் தனி மதிப்பு உண்டு.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய ஆய்வு மனச்சிதைவு நோயைப் பற்றியது. மரபணு அடிப்படையில் இருமுனை மனநோய்க்கு மிக நெருங்கிய உறவு அதுதான். வாய்ப்பைக் கூட்டும் வேறுபாடுகளில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. எட்டாவது குரோமோசோமில் ஓரிடம் நோயோடு தொடர்புள்ளதாகத் தெரிந்தது. நியாசின் எனும் வைட்டமின் பி-3ஐ உடல் பயன்படுத்தத் தேவையான நொதியை உருவாக்கும் மரபணுவை அந்த இடம் சுட்டியது. அதே மரபணுவின் செயல்பாட்டைக் குறைத்தபோது வரிக்குதிரை மீனின் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டது. ‘அப்படியானால் வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் போதுமா?’ என்று மாணவர் கேட்கக்கூடும். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஒரு தடயம் கிடைப்பதற்கும் மருந்து கிடைப்பதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது என்று விளக்க நல்ல வாய்ப்பு இது.

இருமுனை மனநோயை நேரடியாக ஆராயும் திட்டம் பெங்களூரில் நடக்கிறது. நிம்ஹான்ஸ், தேசிய உயிரியல் அறிவியல் மையம், இன்ஸ்டெம் ஆகியவை இணைந்து, கடும் மனநோய் பலருக்கு இருக்கும் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து வருகின்றன. குடும்பத்தில் நோயுள்ளவர், நோயில்லாத உடன்பிறந்தவர் இருவரின் இரத்த செல்களையும் குருத்தணுக்களாக மாற்றி, அவற்றிலிருந்து நரம்பு செல்களை வளர்க்கிறார்கள். வளர்ந்த செல்லைப் பின்னோக்கிக் குருத்தணு நிலைக்குக் கொண்டுபோகும் இந்த முறைக்காகத்தான் ஜப்பானின் ஷின்யா யமனாகா 2012இல் நோபல் பரிசை ஜான் கர்டனோடு பகிர்ந்துகொண்டார். அதனால் மூளையைத் தொடாமலே, அந்தக் குடும்பத்தின் டி.என்.ஏ. கொண்ட நரம்பு செல்லைக் கண்ணாடித் தட்டில் பார்க்க முடிகிறது.

இந்தத் திட்டத்தில் நோயில்லாத உடன்பிறந்தவருக்கும் நோயாளிக்கு இணையான இடம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே வீடு, ஒரே பெற்றோர், பாதி எழுத்துகள் பொது. அப்படியிருந்தும் ஒருவர் ஏன் நலமாக இருக்கிறார் என்பதும் அறிவியலுக்கு முக்கியமான கேள்வி.

வகுப்பறைச் செயல்பாடு: பத்து நாணயம்

பல்மரபணுப் பாரம்பரியத்தை ஒரு பாடவேளையில் கையால் செய்து காட்டலாம். ஒவ்வொரு மாணவரும் ஒரு ரூபாய் நாணயத்தைப் பத்து முறை சுண்ட வேண்டும். தலை விழுந்தால் ஒரு மதகு சற்றுப் பிசகியது என்று கொள்க. ஒன்பது அல்லது பத்துத் தலை விழுந்தால் மட்டுமே ‘எல்லை தாண்டியது’. முடிவுகளைப் பலகையில் பட்டை வரைபடமாக வரையுங்கள். பெரும்பாலோர் நான்கு, ஐந்து, ஆறில் நிற்பார்கள். எல்லை தாண்டும் வாய்ப்பு 1024இல் 11, அதாவது நூற்றுக்கு ஒன்று. யாரிடமும் தலையே விழாமல் இருக்காது என்பதையும் பிள்ளைகள் கவனிப்பார்கள்.

இரண்டாம் சுற்றில், எல்லோருக்கும் மூன்று தலை முன்பே விழுந்துவிட்டதாக வைத்துக்கொண்டு ஏழு முறை மட்டும் சுண்டச் சொல்லுங்கள். பெற்றோரிடமிருந்து சில பிசகிய மதகுகளைப் பெற்ற பிள்ளையின் நிலை இது. இப்போது எல்லை தாண்ட ஏழில் ஆறாவது தலையாக வேண்டும். வாய்ப்பு 128இல் 8, அதாவது பதினாறில் ஒன்று. நாற்பது பேர் வகுப்பில் இரண்டு அல்லது மூன்று பேர் தாண்டலாம். மற்றவர்கள் தாண்ட மாட்டார்கள். உண்மையில் மதகுகள் பல நூறு, சூழலுக்கும் பங்குண்டு, இது எளிமையாக்கிய மாதிரியே என்று முடிவில் சொல்லிவிட வேண்டும். எந்த மாணவரையும் நோயோடு சேர்த்துப் பெயர் சொல்லக் கூடாது. பத்தாம் வகுப்புக் கணக்கின் நிகழ்தகவுப் பாடத்தோடு இணைத்தும் இதை நடத்தலாம்.

அந்தக் கேள்விக்கு நம் பதில்

‘உனக்கெல்லாம் ஒண்ணும் வராது, போ’ என்று தட்டிக் கழிப்பது பொய். ‘பரம்பரைதான், கவனமா இரு’ என்பது பாதி உண்மை. அது பொய்யைவிடக் கொடியது. இப்படிச் சொல்லலாம்: “மத்தவங்களைவிட உனக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், கண்ணு. ஆனா அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தும் நூத்துல தொண்ணூறு பேருக்கு மேல வர்றதில்ல. வந்தாலும் மருந்து இருக்குது. இது உன் தப்பும் இல்ல, அம்மா தப்பும் இல்ல. அம்மா மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாங்களா? வீட்டுல உன்னை யாரு பாத்துக்கறாங்க?”

கடைசி இரண்டு கேள்விகள்தான் முக்கியம். பல வீடுகளில் அந்தப் பிள்ளையே சமையலையும் தம்பியையும் பார்த்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறது. வருகைப் பதிவேட்டில் தெரியும் விடுப்புகளுக்கு அது காரணமாக இருக்கலாம்.

நாம் மருத்துவர்கள் அல்லர். பதின்பருவத்து ஏற்ற இறக்கங்களை நோய் என்று பெயரிடுவது நம் வேலையன்று. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் தூங்காமலே சுறுசுறுப்பாக அலைவதும், இயல்புக்கு மாறான பேச்சும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் ஒடுங்கலும், சாவைப் பற்றிய பேச்சும் கண்டால், பெற்றோரைத் தனியாக அழைத்துப் பேசி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கிறது. 14416 எண்ணில் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவை இரவும் பகலும் தமிழில் பேசுகிறது. சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையைத் தனியே விடாமல், அன்றைக்கே இந்த உதவியை நாட வேண்டும்.

தூக்கத்தையும் மறக்க வேண்டாம். தூக்கம் கெடுவது இந்நோய் உள்ளவர்களிடம் மிகையெழுச்சியைத் தூண்டக்கூடியது. பொதுத்தேர்வுக் காலத்தில் ‘ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படி’ என்று வகுப்பில் பொதுவாகச் சொல்லும் அறிவுரை எந்தப் பிள்ளைக்கும் நன்மை செய்யாது. குடும்பத்தில் இந்நோய் உள்ள பிள்ளைக்கு அது கூடுதல் சுமை. பிறப்போடு வந்த எழுத்தை நாம் மாற்ற முடியாது. தூக்கம், பரிவான பேச்சு, காலத்தில் கிடைக்கும் சிகிச்சை ஆகியவற்றில் நம் கைக்கு எட்டுவது நிறைய இருக்கிறது.

அடுத்த முறை 3:1 விகிதத்தை எழுதி முடித்ததும் பலகையில் ஒரு வரி சேர்ப்போம்: ‘எல்லாப் பண்புகளும் இப்படி வருவதில்லை.’ வகுப்பில் யாரோ ஒருவர் அந்த வரியை நோட்டில் இரண்டு முறை எழுதிக்கொள்ளக்கூடும்.